மாதம் 12,000 ரூபாய் எஸ்.இ.ஓ: எட்டு மாதம், இரண்டு ஸ்டார்

"சார், எங்க சர்வீஸ் பத்தி ஒரு ஃபைவ் ஸ்டார் ரிவ்யூ போட்டு விடுங்க, அடுத்த மாச பில்லுல பத்து பர்சன்ட் குறைச்சுக்கலாம்" என்று அந்த எஸ்.இ.ஓ கம்பெனிப் பையன், நான் அவர்களை நிறுத்துவதற்கு முன்னால், வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தான். எஸ்.இ.ஓ என்றால், கூகுளில் தேடும்போது நம் கடை முன்னால் வரச் செய்கிற வேலை. கேட்டுவிட்டான், எழுதிவிடுகிறேன். ஐந்து கிடையாது, இரண்டு. ஒன்றாகக் குறைக்காததற்கும் காரணம் இருக்கிறது, அதையும் சொல்கிறேன். பெயர் போடவில்லை. பெயரை எடுத்துவிட்டுப் படித்தால் இது வேறு எந்தக் கம்பெனி பற்றியும் எழுதியது போலத்தான் இருக்கும், என் கடைக்கு எதிரே டைல்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணனுக்கும் கிட்டத்தட்ட இதேதான் நடந்தது, அவருடையது வேறு கம்பெனி.

கோயம்புத்தூர் கணபதி பக்கம் எங்கள் கடை. வெட் கிரைண்டர் விற்பனை, சர்வீஸ், ஸ்பேர். அப்பா ஆரம்பித்தது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, அப்படிப்பட்ட ஊரில் கிரைண்டர் கடை வைப்பது பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைப்பது மாதிரி, தெருவுக்கு மூன்று பேர் இருப்போம். போர்டைப் பார்த்து வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். சரவணம்பட்டிப் பக்கம் அபார்ட்மென்ட்டில் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு எங்கள் போர்டு எங்கே தெரியப்போகிறது, அவர்கள் போனை எடுத்து "கிரைண்டர் சர்வீஸ் நியர் மீ" என்று அடிக்கிறார்கள். எங்களுக்கு இருந்த ஒரே வெப்சைட், கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலோடு (மேப்பில் கடையின் பெயர், நேரம், போன் நம்பர் எல்லாம் காட்டுமே, அது) இலவசமாக வந்த ஒரு பக்க சைட். அதையும் 2024 மார்ச்சில் கூகுள் மூடிவிட்டது. சரி, இந்த வேலை தெரிந்தவர்களிடம் கொடுப்போம் என்று சித்திரையில் இவர்களைப் பிடித்தேன்.

முதல் நாள் அந்தப் பையன் கடைக்கு வந்து, கல்லாவுக்கு எதிரே நின்றுகொண்டு, தன் போனில் எங்கள் கடைப் பெயரையே அடித்துக் காட்டினான். "பாருங்க சார், ரெண்டாவதா வருது. மூணே மாசத்துல நம்பர் ஒன், கேரண்டி." அப்பா உள்ளே குழவிக்கு பேரிங் மாற்றிக்கொண்டிருந்தவர் தலையை நீட்டி, "ஏனுங் தம்பி, வரலைன்னா பணத்தத் திருப்பிக் குடுத்துருவீங்களா?" என்றார். பையன் சிரித்தான். அந்தச் சிரிப்பிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன், கூகுளில் முதலிடம் கிடைக்கும் என்று யாராலும் கேரண்டி கொடுக்க முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. ஆள் வைத்து வேலை செய்தாலும் பலன் தெரிய நாலு மாதத்திலிருந்து ஒரு வருஷம் ஆகும் என்று 2017-ல் அவர்கள் போட்ட ஒரு வீடியோவிலும் சொல்கிறார்கள். அந்தக் கல்லா முன்னால் நின்று தேடியதும் ஒரு வேடிக்கைதான். மேப்பில் யார் முதலில் வருவது என்பதற்குக் கூகுள் மூன்று விஷயத்தைப் பார்க்கிறது: தேடியதற்கும் கடைக்கும் பொருத்தம், தேடுகிறவர் நிற்கும் இடத்திலிருந்து தூரம், கடை எவ்வளவு பேருக்குத் தெரிந்தது. கடைக்குள்ளேயே நின்று கடைப் பெயரைத் தேடினால் யாருக்கும் நல்ல இடம்தான் கிடைக்கும். சிங்காநல்லூரில் நின்று "கிரைண்டர் ரிப்பேர்" என்று தேடினால் எங்கள் கடை எங்கே இருக்கிறது என்பதல்லவா கேள்வி? எட்டு மாதமும் வந்த ரிப்போர்ட்டில் இருந்த ஸ்கிரீன்ஷாட் எல்லாம் கடைப் பெயரைப் போட்டுத் தேடியதுதான். இத்தனைக்கும் 14 பக்க ரிப்போர்ட், கலர் கலராகக் கிராஃப்.

இனி நல்லது. முதல் இரண்டு மாதம் ஒழுங்காக வேலை செய்தார்கள். எங்கள் ப்ரொஃபைலில் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் என்று இருந்தது, ஞாயிறு நாங்கள் லீவு, ஷட்டரைப் பார்த்துவிட்டுப் போன் போட்டுத் திட்டியவர்கள் நிறைய. அதை மாற்றினார்கள். வகை என்ற இடத்தில் யாரோ "ஹார்டுவேர் ஸ்டோர்" என்று வைத்திருந்ததைத் திருத்தினார்கள். பழைய லேண்ட்லைன் நம்பரோடு எங்கள் பெயரிலேயே இன்னொரு ப்ரொஃபைல் கிடந்தது, அதைக் கண்டுபிடித்து எடுத்துவிட்டார்கள். பட்டறை, டில்டிங் கிரைண்டர், கல் கொத்துவது எல்லாம் நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்துப் போட்டார்கள். இந்த நாலு வேலைக்குத்தான் அந்த இரண்டு ஸ்டார். புது ஆள் வந்தால் எப்படி வந்தார் என்று பில் புக்கின் ஓரத்தில் எழுதிவைப்பது அப்பாவின் பழக்கம், "போர்டு", "மாமா சொல்லி", "போன்" என்று. மூன்றாவது மாதம் "போன்" நன்றாகவே கூடியிருந்தது. என்ன, அந்த நாலும் ஒரு மத்தியான வேலை. அதற்கு அவர்கள் பில்லில் "கூகுள் லிஸ்டிங் சார்ஜ்" என்று தனியாக 3,000 ரூபாய், மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி. கூகுள் ப்ரொஃபைல் இலவசம், அதில் முன்னால் வருவதற்கு அவர்கள் காசு வாங்குவதும் கிடையாது, விளம்பரம் கொடுத்தால் அது வேறு கணக்கு. இதை நான் கேட்டபோது அது "ப்ராசஸிங்" என்றார்கள்.

மூன்றாம் மாதத்துக்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது என்று நினைக்கிறேன். மாதா மாதம் 12,000 வாங்குகிறவர்கள் எதையாவது காட்டியாக வேண்டுமே. எங்களுக்கென்று அவர்கள் போட்டுக் கொடுத்த வெப்சைட்டில் ஊர் ஊராக 24 பக்கம் போட்டார்கள். பீளமேடு கிரைண்டர் சர்வீஸ், வடவள்ளி கிரைண்டர் சர்வீஸ், மேட்டுப்பாளையம் கிரைண்டர் சர்வீஸ், எல்லாம் ஒரே பக்கம், ஊர்ப் பெயர் மட்டும் வேறு. மேட்டுப்பாளையத்துக்கு நாங்கள் போவதே இல்லை, அங்கிருந்து ஒரு அம்மா கூப்பிட்டு, வரமுடியாது என்றதும் "அப்புறம் எதுக்குங்க போட்டிருக்கீங்க?" என்று கேட்டார், என்னிடம் பதில் இல்லை. இப்படி ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் பக்கம் பக்கமாகப் போடுவதைக் கூகுள் ஸ்பாம் கணக்கில்தான் வைத்திருக்கிறது. அதோடு, நிறைய சைட்டில் லிங்க் இருந்தால் கூகுளில் மேலே வரலாம் என்று, எங்கெங்கோ முகம் தெரியாத சைட்டுகளில் எங்கள் லிங்க்கைப் போட்டு ஒரு எக்ஸெல் பட்டியல். காசுக்கு லிங்க் வாங்கி மேலே ஏறுகிற வித்தையைக் கூகுள் 2012-லேயே பென்குயின் என்ற அப்டேட்டில் அடித்துவிட்டது. இவர்கள் அதை இன்னும் பழைய ஸ்டாக் மாதிரி விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

ரிவ்யூ விஷயம் கேவலம். ஒரே வாரத்தில் நாற்பது ஃபைவ் ஸ்டார். ஒரு பெயரும் எங்கள் பில் புக்கில் இல்லை. ஒருவர் "உணவு மிகவும் சுவையாக இருந்தது" என்று எழுதியிருந்தார். கிரைண்டர் கடைக்கு! எங்கள் வாடிக்கையாளர் ஒருவரே அதைப் போட்டோ எடுத்து அனுப்பி, "மாவு ஆட்டி இட்லியும் குடுக்கிறீங்களா?" என்று கேட்டார். கொஞ்ச நாளில் கூகுளே முக்கால்வாசியைத் தூக்கிவிட்டது. இதில் நானும் யோக்கியன் இல்லை, அதற்கு முன்னால் ரிவ்யூ போட்டால் ஒரு பெல்ட் இலவசம் என்று கடையில் எழுதி ஒட்டியிருந்தேன். அதுவும் கூகுள் விதிப்படி தப்புதான், காசோ பொருளோ கொடுத்து வாங்கும் ரிவ்யூ எதுவும் கூடாது. 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஆன்லைன் ரிவ்யூவுக்கென்றே ஐ.எஸ். 19000 என்று ஒரு தரநிலை கொண்டுவந்திருக்கிறது, எனக்கு அதெல்லாம் அப்போது தெரியாது. சீட்டைக் கிழித்துப் போட்டேன். பத்து பர்சன்ட் குறைக்கிறேன் என்று என்னிடம் கேட்டதும் இதே கதைதான் என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

பெரிய அடி ஆவணியில் விழுந்தது. எங்கள் தொழிலில் ஆவணி முகூர்த்தம் என்றால் சீர்வரிசை கிரைண்டர், வருஷத்தில் கை நிறையும் மாதம். சரியாக அந்த நேரம் பார்த்து எங்கள் ப்ரொஃபைலில் கடைப் பெயரோடு "பெஸ்ட் வெட் கிரைண்டர் சேல்ஸ் சர்வீஸ் ரிப்பேர் ஸ்பேர்ஸ் கோயம்புத்தூர்" என்று ரயில் வண்டி மாதிரி ஒட்டினார்கள். போர்டில் இருக்கிற பெயர்தான் அங்கேயும் இருக்க வேண்டும் என்பது கூகுள் விதி. ப்ரொஃபைலை சஸ்பெண்ட் செய்துவிட்டது. மேப்பில் கடை இல்லை. வழி கேட்டு வருகிறவர்கள் எதிர்த் தெருக் கடைக்குப் போகிறார்கள். அப்பீல் செய்யலாம், ஜி.எஸ்.டி சான்றிதழ், ஈ.பி. பில் எல்லாம் கடைப் பெயரோடு இருக்கிறது, ஆனால் அந்த ஃபாரத்தைத் திறந்துவிட்டால் ஆதாரத்தைச் சேர்க்க 60 நிமிஷம்தான், அதனால் எல்லாவற்றையும் முதலிலேயே ஸ்கேன் செய்து கையில் வைத்துக்கொண்டுதான் திறக்க வேண்டும். நான் தயார். ஆனால் உள்ளே போக முடியவில்லை. ஏனென்றால் சித்திரையில் அந்தப் பையன் "ஒரு நிமிஷம் போன் குடுங்க சார், ஒரு ஓ.டி.பி வரும்" என்று வாங்கி, ப்ரொஃபைலின் ஓனராகத் தங்கள் கம்பெனி ஜிமெயிலைச் சேர்த்துக்கொண்டு, அப்புறம் என் மெயிலை எடுத்தே விட்டிருக்கிறான். போனை வாங்கிய நேரம் நான் டீ சொல்லப் போயிருந்தேன். என் கடைக்கு நான் ஓனர் இல்லை. அவர்கள் ஆபீஸ் வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தார்கள், மொத்தம் 19 நாள் மேப்பில் நாங்கள் இல்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, பில் புக்கில் அந்தப் பக்கத்தை மட்டும் திறந்து கல்லா மேல் வைத்துவிட்டு சாப்பிடப் போய்விட்டார்.

கார்த்திகையில் இவர்களை நிறுத்தினேன். அப்புறம் ஐ.டி. வேலையோடு இதையும் தனியாகச் செய்கிற ஒரு பெண், வாடிக்கையாளரின் மகள், வந்து பார்த்தாள். மாதச் சம்பளம் கிடையாது, ஒரு தடவை பார்த்துச் சொல்ல 6,000. "அண்ணா, ஓனரா நீங்களே இருங்க, என்னை மேனேஜரா சேருங்க, வேலை முடிஞ்சதும் எடுத்துருங்க" என்பதுதான் அவள் சொன்ன முதல் வார்த்தை. இரண்டாவதாக பில் புக்கைக் கேட்டாள். அப்பா, "இந்த அம்மிணிகிட்டயே முதல்ல குடுத்திருக்கலாம்" என்றார். 24 பக்கத்தில் 22-ஐத் தூக்கினாள். எனக்குக் கூகுளின் சர்ச் கன்சோலைத் திறந்து காட்டினாள், அதுவும் இலவசம், என்ன தேடி நம் சைட்டுக்கு வருகிறார்கள் என்று 16 மாதக் கணக்கு வரை தெரியும். எட்டு மாதத்தில் அந்தக் கம்பெனி இதை என் கண்ணில் காட்டவே இல்லை. அதில் "கிரைண்டர் கல் கொத்தும் இடம்" என்று தமிழிலேயே தேடியிருக்கிறார்கள். எங்கள் சைட்டில் அப்படி ஒரு வரி கிடையாது, நவீன சமையலறையில் வெட் கிரைண்டரின் முக்கியத்துவம் பற்றி ஆங்கிலத்தில் 20 கட்டுரை இருந்தது. கல் கொத்த என்ன ஆகும், எத்தனை நாள், வீட்டுக்கு வந்து எடுத்துப் போவோமா, எந்த ஏரியா வரை, இதை நானே ஒரு பக்கம் தமிழில் எழுதினேன், கையெழுத்தில் எழுதி அவளிடம் கொடுத்தேன். போன வாரம் அதைப் படித்துவிட்டு மூன்று பேர் கூப்பிட்டார்கள். மூன்றுதான், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் மூவரும் கல்லோடு வந்தார்கள்.

அவளுக்கும் ஐந்து ஸ்டார் போடவில்லை, சொன்ன தேதிக்கு இரண்டு வாரம் தாமதம், போன் போட்டால் ஆபீஸ் நேரத்தில் எடுப்பதில்லை. நாலு.

அந்தக் கம்பெனியிடம் இன்னும் ஒன்று பாக்கி. வெப்சைட் பெயரை, அதுதான் டொமைனை, அவர்கள் தங்கள் பெயரிலேயே பதிவு செய்திருக்கிறார்கள், காசு நான் கொடுத்தது. சித்திரையில் அதைப் புதுப்பிக்க வேண்டும். மாற்றிக் கொடுங்கள் என்று நான்கு தடவை கேட்டாயிற்று, "அடுத்த வாரம் சார்" என்கிறார்கள். மாற்றிக் கொடுக்கிற அன்றைக்கு வேண்டுமானால் மூன்றாக்குகிறேன்.