எடை மேடைக் கணினிக்கு எந்த டிரைவர்: ஃப்ரீடிடிஎஸ்ஸா, மைக்ரோசாஃப்ட் ஓடிபிசியா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைப் பழம் வாங்கும் நிலையம் ஒன்றின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். எடை மேடைக்குப் பக்கத்துச் சின்ன அறையில் உபுண்டு லினக்ஸ் போட்ட பழைய கணினி இருக்கிறது. லோரி ஏறி நின்றதும் எடை அதில் பதிவாகும். கணக்கெல்லாம் ஆபீஸ் விண்டோஸ் கணினியில், எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸில் (மைக்ரோசாஃப்ட் தரவுத்தளத்தின் இலவசப் பதிப்பு). மேடைக் கணினி அதோடு பேச ஓர் ஓடிபிசி டிரைவர், அதாவது நிரலையும் தரவுத்தளத்தையும் இணைக்கும் மென்பொருள், வேண்டும். மைக்ரோசாஃப்டே தருவது ஒன்று, ஃப்ரீடிடிஎஸ் என்ற திறமூல டிரைவர் இன்னொன்று. இரண்டையும் மாதக்கணக்கில் ஓட்டிவிட்டு ஃப்ரீடிடிஎஸ்ஸில் நின்றுவிட்டேன்.

இரண்டுக்கும் பொதுவானதைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். இரண்டுமே இலவசம். இரண்டுமே யூனிக்ஸ்ஓடிபிசி என்ற மேலாளர் மென்பொருளுக்குக் கீழேதான் ஓடும். டிரைவரின் பெயரும் இடமும் ஓடிபிசிஇன்ஸ்ட் டாட் ஐஎன்ஐ கோப்பில், சர்வர் விவரம் ஓடிபிசி டாட் ஐஎன்ஐ கோப்பில். வேகத்தில், எங்கள் எடைச்சீட்டு வேலைக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

டிரைவரைத் தொடும் முன் சர்வர் பக்கத்தை ஒரு முறை பாருங்கள். எக்ஸ்பிரஸ் பதிப்பில் டிசிபி ஐபி இணைப்பு அணைந்த நிலையில்தான் வரும். போர்ட் எண்ணும் நிலையாக இருக்காது. எஸ்கியூஎல் சர்வர் கான்ஃபிகரேஷன் மேனேஜரில் அதைத் திறந்து, போர்ட்டை 1433 என்று நிறுத்தி, விண்டோஸ் ஃபயர்வாலிலும் வழிவிட்டு, சர்வீஸை ஒரு தடவை நிறுத்தித் தொடங்குங்கள். இதைச் செய்யாமல் எந்த டிரைவரைப் போட்டாலும் பயனில்லை.

ஃப்ரீடிடிஎஸ் போடுவது ஆப்ட்டில் (உபுண்டுவில் மென்பொருள் போடும் கட்டளை) ஒரே வரி: யூனிக்ஸ்ஓடிபிசி, டிடிஎஸ்ஓடிபிசி, ஃப்ரீடிடிஎஸ்-பின் என்று மூன்று பொதிகள். மூன்றாவது பொதியை விட்டுவிடாதீர்கள், டிஎஸ்கியூஎல் என்ற சோதனைக் கட்டளை அதில்தான் இருக்கிறது. அது ஓடிபிசியைத் தொடாமல் நேராகச் சர்வரோடு பேசும். அதில் இணைப்பு கிடைத்து, ஓடிபிசி வழியாகப் பேசும் ஐஎஸ்கியூஎல் கட்டளையில் கிடைக்கவில்லை என்றால் தப்பு உங்கள் ஐஎன்ஐ கோப்பில். இரண்டிலும் கிடைக்கவில்லையா, சர்வருக்கோ வயருக்கோ போங்கள். அரை நாள் தேடல் இப்படி ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

மைக்ரோசாஃப்ட் டிரைவருக்கு அவர்களுடைய மென்பொருள் களஞ்சியத்தை உங்கள் உபுண்டு பதிப்புக்கு ஏற்றபடி சேர்த்து, உரிம ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டு பொதியைப் போட வேண்டும். பத்து நிமிட வேலை. ஆனால் 18ஆம் பதிப்பில் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) சொல்லாமலே இயங்கும், சர்வரின் சான்றிதழையும் சரிபார்க்கும். ஆபீஸ் சர்வர் தானே தயாரித்துக்கொண்ட சான்றிதழை அது ஏற்காது. டிரஸ்ட்சர்வர்சர்ட்டிஃபிகேட் என்பதை யெஸ் என்று எழுதினால் இணைப்பு கிடைக்கும். ஒரே கட்டடத்துக்குள் ஓடும் வயருக்கு அது போதும். இணையம் வழியாகப் போகிறது என்றால் அப்படி எழுதாதீர்கள், முறையான சான்றிதழ் போடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் மைக்ரோசாஃப்ட் டிரைவரின் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும். ஃப்ரீடிடிஎஸ்ஸில் மறையாக்கம் கட்டாயம் என்று நாமேதான் எழுத வேண்டும்.

தமிழ் எழுத்து இரண்டு டிரைவருக்கும் பொதுவான சோதனை. ஆரம்பத்தில் ஒரு பெரியவர் எடைச்சீட்டை எடுத்து வந்து, "தம்பி, இதுல என் பேரு எங்கப்பா?" என்றார். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏழு கேள்விக்குறி. டிரைவர் மேல் சந்தேகப்பட்டு நாள் முழுக்கத் தேடினேன். காரணம் வேறு. தமிழுக்கென்று விண்டோஸில் பழைய கோட்பேஜ் (எழுத்துகளுக்கான எண் அட்டவணை) கிடையாது, யூனிகோட் மட்டும்தான். சாதாரணமாக வார்சார் என்று அமைத்த பத்தியில் தமிழ் நிற்காது, என்வார்சார் வேண்டும். எஸ்கியூஎல் வரியில் நேராக எழுதும் தமிழுக்கு முன்னால் பெரிய N எழுத்தும் வேண்டும். அப்புறம் ஃப்ரீடிடிஎஸ்ஸில் கிளையன்ட் சார்செட் என்பதை யூடிஎஃப்-8 என்று எழுதினேன். பெரியவர் பெயர் முழுசாக வந்தது.

இனி என் முடிவுக்கான காரணம்: பராமரிப்பு. டிரைவரை ஒரு நாளில் போட்டுவிடலாம், ஆனால் வருடக்கணக்கில் அது ஓட வேண்டும். உபுண்டு 20.04க்கான ஐந்து வருட ஆதரவு 2025இல் முடிந்தது. அதற்கு முன்பே 22.04க்கு ஏற்றிவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். அப்போது ஓடியது மைக்ரோசாஃப்டின் 17ஆம் டிரைவர், அதுவும் பழைய வெளியீடு. பதிப்பு ஏற்றும்போது வெளிக் களஞ்சியங்களை உபுண்டு அணைத்துவிடும். அதோடு 22.04இல் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தின் 3ஆம் பதிப்பு வந்துவிட்டது, என் டிரைவர் தேடியது 1.1. இதையெல்லாம் முன்னாடியே படித்திருக்க வேண்டியவன் நான்தான்.

திங்கள் காலை ஏழு மணிக்கு முதல் லோரி மேடையில் நிற்கிறது, திரையில் ஓபன்எஸ்எஸ்எல் கிடைக்கவில்லை என்ற செய்தி. வெட்டிய செம்பனைப் பழம் காத்திருக்காது. நேரம் ஆக ஆக எண்ணெயில் கொழுப்பமிலம் ஏறும், ஆலையில் விலை அடிபடும். "நான் கையால எழுதுறேன் தம்பி, நீ அதைப் பாரு" என்று முதலாளி அண்ணன் சீட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார். 22.04க்கான களஞ்சியத்தைச் சேர்த்து 18ஆம் டிரைவரைப் போட்டேன். டிரைவரின் பெயரிலேயே பதிப்பு எண் இருப்பதால் ஐஎன்ஐ கோப்பிலும் நிரலிலும் 17 என்று இருந்த இடத்தையெல்லாம் மாற்றினேன். அதற்குப் பிறகுதான் மேலே சொன்ன சான்றிதழ் தகராறு. முடியும்போது மதியம்.

ஃப்ரீடிடிஎஸ் உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்திலிருந்தே வருகிறது. ஒவ்வொரு பதிப்பிலும் அந்தப் பதிப்பின் நூலகங்களோடு சேர்த்துக் கட்டித் தருகிறார்கள். அதனால் கணினி ஏறும்போது டிரைவரும் கூடவே ஏறுகிறது. பெயரும் எப்போதும் ஃப்ரீடிடிஎஸ்தான். பின்னால் 22.04இலிருந்து 24.04க்கு ஏற்றியபோது ஐஎன்ஐ கோப்பைத் தொடவே இல்லை. நான் ஊரில் இல்லாத நாளில் கிராணிப் பெண்ணே அப்டேட் கொடுக்கலாம், மேடை ஓடும். கணினி ஆள் என்றால் ஈப்போவிலிருந்து வர வேண்டிய ஊரில் இது பெரிய விஷயம். பின்வாசலில் 32 பிட் ராஸ்பெர்ரி பையும் ஒன்று வைத்திருக்கிறோம். அதற்கு மைக்ரோசாஃப்ட் டிரைவரே கிடையாது, ஃப்ரீடிடிஎஸ் உண்டு.

மைக்ரோசாஃப்ட் டிரைவரையே போட வேண்டிய இடங்களும் இருக்கின்றன. ஆல்வேஸ் என்கிரிப்டட் (தரவை டிரைவரே மறையாக்கி அனுப்பும்) வசதி வேண்டும் என்றாலோ, கணக்கு மென்பொருள் விற்றவர் இந்த டிரைவருக்குத்தான் உதவி தருவேன் என்றாலோ யோசிக்காமல் அதையே போடுங்கள். என் அனுபவம் ஒரு நிலையத்தின் சில கணினிகளோடு முடிகிறது. நூற்றுக்கணக்கான இணைப்புகள் ஒரே நேரத்தில் வரும் இடத்தில் இவற்றை நான் ஓட்டிப் பார்த்ததில்லை, அங்கே என் பேச்சை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

மடிக்கணினியில் மட்டும் இரண்டு டிரைவரையும் வைத்திருக்கிறேன், யூனிக்ஸ்ஓடிபிசியின் கீழ் இரண்டும் சண்டையில்லாமல் இருக்கும். மேடையிலிருந்து "இணைப்பு வரலண்ணே" என்று போன் வந்தால் அதில் இரண்டு வழியாகவும் தட்டிப் பார்ப்பேன். இரண்டும் நின்றிருந்தால் முதலில் ஆபீசுக்குப் போன் அடித்து, சர்வர் கணினி ஓடுகிறதா என்று கேட்பேன்.