பீன்யாவில் கம்ப்யூட்டர் ஏஎம்சி: கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது?

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையின் செகண்ட் ஸ்டேஜில் எங்களுடையது சின்ன சிஎன்சி ஜாப் ஒர்க் யூனிட், அதாவது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் மெஷின்களில் பிறர் ஆர்டருக்கு வேலை செய்து கொடுக்கும் இடம். ஆபீஸில் எட்டு கம்ப்யூட்டர், கணக்கு சாஃப்ட்வேரான டேலி ஓடும் ஒரு சர்வர், மெஷின் பக்கம் இன்னும் இரண்டு பழைய பெட்டிகள். இதற்கென்று தனி ஆள் போட்டுச் சம்பளம் கொடுக்கக் கட்டுப்படியாகாது, அதனால் போன வருஷத்திலிருந்து ஒரு கம்பெனியிடம் ஏஎம்சி (வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம்) விட்டிருக்கிறோம். குறையும் சொல்லப்போகிறேன், எனவே பெயரைப் போடவில்லை.

முதலில் பேக்கப், ஏனென்றால் காசு வீண் போகவில்லை என்று தோன்றியது அதில்தான். இதற்கு முன் இருந்தவர்கள் ஒரு எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கைச் சர்வரில் செருகிவிட்டுப் போனார்கள், வருஷம் முழுக்க அது அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தால் சர்வரோடு அந்த டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும், அப்புறம் அது பேக்கப்பே இல்லை. இவர்கள் ஆபீஸில் தனியாக ஒரு நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் இணைக்கும் ஹார்ட் டிஸ்க் பெட்டி) வைத்து, இன்னொரு காப்பியை மும்பையில் இருக்கும் கிளவுட் சர்வருக்கு அனுப்புகிறார்கள். பிரைவேட் லிமிடெட் என்றால் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் ஏறவேண்டும் என்று 2022-இல் விதியைத் திருத்தியிருக்கிறார்கள். ஆடிட்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே இந்தப் பையன்கள் சொல்லிவிட்டார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம், எடுத்த பேக்கப்பைத் திறந்து பார்க்கிறார்கள். தங்கவயலிலிருந்து ரயிலில் வந்துபோகும் தம்பி ஒருவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நெட் இணைப்பு இல்லாத ஒரு லேப்டாப்பில் முந்தின ராத்திரி பேக்கப்பை இறக்கி, டேலியைத் திறந்து, "அக்கா, நேத்து கடைசி பில் நம்பர் என்ன, பேங்க் பேலன்ஸ் எவ்வளவு?" என்று எங்கள் அக்கவுண்ட்ஸ் அம்மாவிடம் கேட்டு ஒப்பிடுவார். ஒருமுறை நம்பர் ஒத்துப்போகவில்லை. பேக்கப் ஓடும் நேரத்தில் யாரோ டேலியை மூடாமல் விட்டிருக்கிறார்கள், அந்த ஃபைல்களை மட்டும் விட்டுவிட்டுக் காப்பி எடுத்திருக்கிறது, மெயிலில் மட்டும் தினமும் 'சக்சஸ்' என்று வந்துகொண்டிருந்தது! நேரத்தை ராத்திரி 11 மணிக்குத் தள்ளி, அதற்கு முன் டேலி தானாக மூடும்படி செய்துவிட்டார்.

மெஷின் பக்கப் பெட்டிகளில் இன்னும் விண்டோஸ் 7 தான், அந்த சாஃப்ட்வேர் வேறு எதிலும் ஓடாது. தூக்கிப் போடச் சொல்லாமல், அந்தத் தம்பி நெட்டை வெட்டித் தனி நெட்வொர்க்கில் வைத்துக் கொடுத்தார். இரும்புத் தூள் அடைத்த ஃபேன்களை பிளோயரால் ஊதியதும் அவர்தான், அது அக்ரிமென்ட்டில் இல்லை.

இப்போது குறை. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் நின்றதும் இவர்களுடைய சேல்ஸ் ஆள் எட்டு கம்ப்யூட்டரையும் மாற்றச் சொல்லிக் கொட்டேஷன் நீட்டினார். தம்பியை விட்டுப் பார்க்கச் சொன்னால் ஐந்து கம்ப்யூட்டரில் எட்டாம் தலைமுறை இன்டெல் பிராசஸரோ அதற்கு மேலோ, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் இருக்கிறது, விண்டோஸ் 11 இலவசமாகவே ஏறிவிட்டது. மாற்றவேண்டியது மூன்றுதான். அதையும் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் விசாரித்துவிட்டுப் பேசியதும் விலை இறங்கியது. எந்தக் கொட்டேஷனையும் அங்கே ஒரு நடை போய்க் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

'நாலு மணி நேரத்தில் ஆள் வரும்' என்று எழுதியிருக்கிறது. மாதத்தில் மற்ற நாளெல்லாம் சரி. 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி என்று ஜிஎஸ்டி ரிட்டர்ன் கெடு வரும்போது போனையே எடுப்பதில்லை, எடுத்தாலும் 'கொரகுண்டேபாளையா சிக்னலில் இருக்கேன் சார்' என்ற பதில். அந்த நாட்களுக்கு என்று தனியாக ஒரு நம்பர் கேட்டிருக்கிறேன், பார்ப்போம்.

ஹேக்கிங் மாதிரி ஏதாவது நடந்தால் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்கவேண்டும், லாக்குகளை (கம்ப்யூட்டரில் என்னென்ன நடந்தது என்ற பதிவுகளை) 180 நாள் வைத்திருக்கவேண்டும் என்று 2022 ஏப்ரலில் வந்த உத்தரவு இருக்கிறது. அதை யார் செய்வது என்று அக்ரிமென்ட்டில் ஒரு வரிகூட இல்லை. கேட்டால் மேனேஜர் முழிக்கிறார்.

பாஸ்வேர்டு விஷயத்தில் கறாராக இருங்கள். முன்பிருந்த கம்பெனிக்காரர்கள் எங்கள் டொமைனை (இணைய முகவரிப் பெயரை) தங்கள் பெயரில் பதிவு செய்துவைத்திருந்தார்கள், அதைத் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இவர்களும் ரவுட்டர், மெயில் அட்மின் பாஸ்வேர்டுகளைத் தர முதலில் இழுத்தடித்தார்கள், கொடுத்தால்தான் செக் என்றதும் கொடுத்தார்கள்.

ஐந்துக்கு மூன்றரை. தங்கவயல் தம்பி வேறு வேலைக்குப் போய்விட்டால் திரும்ப வந்து இரண்டரையாக்கிவிடுவேன்.