மனாங்கில் எங்களிடம் திருடப்பட்ட இரண்டு நாட்கள்

நேபாளத்தில் அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் நடந்து தோரோங் லா கணவாயைக் கடக்க வேண்டும் என்று பணம் சேர்த்துக்கொண்டிருப்பவர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. காத்மாண்டுவின் தமேல் பகுதியில் அப்படி ஒரு கடைதான் இருக்கிறது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும்.

கடந்த அக்டோபரில் நானும் என் அக்காவும் போனோம். அக்காவுக்கு 54 வயது. திவ்ய தேசங்களை ஒவ்வொன்றாகச் சேவித்து வருகிறவள். அந்தக் கணவாயின் மறுபக்கத்தில் இருக்கும் முக்திநாத்தைத்தான் நம் பெரியவர்கள் திருச்சாளக்கிராமம் என்று சொல்கிறார்கள். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய ஊர். பலரும் பொக்காராவிலிருந்து விமானத்திலோ ஜீப்பிலோ போய் வந்துவிடுகிறார்கள். அக்காவுக்கு மட்டும் ஒரு பிடிவாதம். "திருமங்கையாழ்வார் பத்துப் பாசுரம் பாடிய ஊருக்கு ஒருமுறையாவது மலையைக் கடந்து நடந்து போக வேண்டும், தம்பி" என்றாள். ஒரு வருடம் தினமும் காலையில் படியேறி, இறங்கிப் பழகினாள். உடம்பில் ஒரு குறையும் இல்லை.

2023 ஏப்ரல் முதல் நேபாளத்தின் பெரும்பாலான மலைப்பாதைகளில் வெளிநாட்டவர்கள் வழிகாட்டி இல்லாமல் நடக்கக் கூடாது என்று விதி வந்திருக்கிறது. வழிகாட்டியைப் பதிவுபெற்ற நிறுவனத்தின் மூலம்தான் எடுக்க வேண்டும். நல்ல நோக்கத்தோடு வந்த விதிதான். ஆனால் அதனால் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதில் தவறினால் பாதையில் எல்லாமே தவறிவிடும். நாங்கள் மூன்று இடங்களில் விசாரித்தோம். இருப்பதிலேயே குறைவாக, ஒருவருக்கு 52,000 ரூபாய் என்றவர்களிடம் கொடுத்தோம். வழிகாட்டி, போர்ட்டர், மூன்று வேளைச் சாப்பாடு, தங்கும் அறை எல்லாம் அதில் அடக்கம். அனுமதிச் சீட்டுகளுக்குத் தனியாக ஒருவருக்கு 5,000 நேபாள ரூபாய்.

அந்த 5,000-த்திலேயே முதல் பொய் இருந்தது. அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கான நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கு 3,000, இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு 1,000. மலையேறுபவர் பதிவு அட்டைக்கு வெளிநாட்டவருக்கு 2,000, நமக்கு 1,000. இந்தியர்களான நாங்கள் கட்ட வேண்டியது 2,000 மட்டுமே. தாராபாணி சோதனைச் சாவடியில் அதிகாரி எங்கள் சீட்டுகளைப் பதிந்துகொண்டு திருப்பித் தந்தபோதுதான் அதில் போட்டிருந்த தொகையைப் பார்த்தேன். வழிகாட்டியைக் கேட்டேன். "ஆபீஸில் கேளுங்கள்" என்றான். இரண்டு பேருக்கும் சேர்த்து 6,000 நேபாள ரூபாய், நம் பணத்தில் 3,750. சிறிய தொகை என்று விட்டுவிட்டேன். அப்போதே உட்கார்ந்து மற்ற எல்லாவற்றையும் சரிபார்த்திருக்க வேண்டும்.

அவர்கள் தந்த 11 நாள் திட்டம் காகிதத்தில் நன்றாகவே இருந்தது. முதல் இரவு பேசிசகர், 760 மீட்டர். இரண்டாம் நாள் ஜீப்பில் சாமே, 2,670 மீட்டர். அங்கிருந்து நடை. மூன்றாம் இரவு மேல் பிசாங்கில், 3,300 மீட்டர். நான்காம் இரவு மனாங்கில், 3,540 மீட்டர். ஐந்தாம் நாள் முழுவதும் மனாங்கிலேயே ஓய்வு. அதற்குப் பிறகு யாக் கர்க்கா, தோரோங் பேடி, பின்பு 5,416 மீட்டர் உயரக் கணவாய், மறுபக்கம் முக்திநாத்.

அந்த ஓய்வு நாளை யாரும் சும்மா போடுவதில்லை. 3,000 மீட்டருக்கு மேலே போனபின், தூங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பதும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஒரே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும் என்பதும் மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பகலில் எவ்வளவு உயரம் ஏறினோம் என்பதைவிட இரவில் எந்த உயரத்தில் தூங்கினோம் என்பதே முக்கியம். உடல் குறைந்த ஆக்சிஜனுக்குப் பழக நேரம் கேட்கிறது. வயதோ பயிற்சியோ அந்த நேரத்தைக் குறைத்துவிடாது.

மூன்றாம் நாள் காலை சாமேயில் பையை மாட்டிக்கொண்டு புறப்பட நின்றோம். வழிகாட்டி ஒரு ஜீப்பைக் காட்டினான். "தீதி களைப்பாக இருக்கிறார். மனாங் வரை இலவசமாக ஏற்றிப் போகிறேன். நடக்க வேண்டிய வழி முழுக்கத் தூசு" என்றான். தீதி என்றால் நேபாளியில் அக்கா. அவ்வளவு அன்பாகச் சொன்னான். அக்காவுக்குக் களைப்பே இல்லை. நான்தான், சாலை வந்த பிறகு அந்தப் பகுதி நடை நன்றாக இருக்காது என்று எங்கோ கேட்டதை நினைத்துச் சரி என்றேன். அன்று இரவு மனாங்கில் தூங்கினோம். ஒரே நாளில் தூங்கும் உயரம் 870 மீட்டர் கூடிவிட்டது. மறுநாள் ஓய்வும் இல்லை. "வானிலை கெடப்போகிறது, இன்றே யாக் கர்க்கா போய்விட வேண்டும்" என்றான். வானம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆனால் 2014 அக்டோபரில் ஹூட்ஹூட் புயலின் மிச்சம் அந்தக் கணவாயைச் சுற்றிப் பனிப்புயலாக இறங்கி, குறைந்தது 43 பேர் இறந்தது எனக்குத் தெரியும். வானிலை என்றதும் வாயை மூடிக்கொண்டேன். அந்தச் சொல்லைச் சொன்னால் யாரும் எதிர்க்க மாட்டார்கள் என்று அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

உண்மைக் காரணத்தைப் போர்ட்டர்தான் பிறகு சொன்னார். அந்த வழிகாட்டிக்கு அடுத்த குழு காத்மாண்டுவில் ஏற்கெனவே பதிவாகியிருந்தது. இரண்டு நாள் முன்னதாகத் திரும்பினால்தான் அவனால் அதைப் பிடிக்க முடியும். நிறுவனத்துக்கும் எங்கள் இருவரின் இரண்டு நாள் சாப்பாட்டுச் செலவும் அறைச் செலவும் மிச்சம். குறைந்த விலை எங்கிருந்து வருகிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அந்தப் போர்ட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் இருவரின் பைகளும் சேர்த்து 20 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்று சொல்லி, தமேலில் எடை போட்டு வாங்கினார்கள். மலையில் பார்த்தால் வழிகாட்டியின் பையும், யாருக்கோ கொண்டுபோகும் ஒரு மூட்டையும் அவர் முதுகில்தான் இருந்தன. ஐம்பதை நெருங்கும் மனிதர். காலில் தேய்ந்த கான்வாஸ் காலணி. அவருக்கு ஒரு நாளைக்கு 2,500 நேபாள ரூபாய் தருவதாக எங்களிடம் சொல்லியிருந்தார்கள். அவர் கைக்கு வருவது 1,500. காப்பீடு என்று ஒன்று தனக்கு இருக்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

யாக் கர்க்கா 4,000 மீட்டரைத் தாண்டிய இடம். மதியம் இரண்டரைக்குச் சேர்ந்தோம். நான்கு மணிக்கு அக்கா, "தம்பி, தலைக்குள்ளே உலக்கை போட்டு இடிப்பது போல இருக்கிறது" என்றாள். கொஞ்ச நேரத்தில் வாந்தி. வழிகாட்டி பூண்டு சூப் வாங்கிக் கொடுத்தான். குளிர் பட்டதால் வந்த தலைவலி, தூங்கினால் சரியாகிவிடும் என்றான். சூப்பும் வயிற்றில் நிற்கவில்லை. அடுத்த அரை மணி நேரத்தில் அவன் பேச்சு தலைகீழாக மாறிவிட்டது. "தீதிக்கு ஆபத்து. ஆபீஸுக்குப் போன் செய்துவிட்டேன். காலை ஏழு மணிக்கு ஹெலிகாப்டர் வரும். நீங்களும் கூட ஏறிக்கொள்ளலாம். எல்லாம் இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும், இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்று ஒரு தாளை நீட்டினான்.

சற்று முன்வரை சாதாரணத் தலைவலி. இப்போது ஹெலிகாப்டர். ஆபத்து என்றால் ஏன் காலை ஏழு மணி வரை அதே உயரத்தில் படுக்க வைக்க வேண்டும்? இந்த ஒரு கேள்விதான் என்னைக் காப்பாற்றியது. பையிலிருந்து பாலிசியை எடுத்துப் படித்தேன். 4,000 மீட்டருக்கு மேலான மலையேற்றத்துக்கு அது பொருந்தாது என்று தெளிவாக எழுதியிருந்தது. "எந்தப் பயணக் காப்பீடும் போதும்" என்று தமேலில் எங்களுக்குச் சொன்னவர்கள் இவர்கள்தான். கையெழுத்துப் போட்டிருந்தால் ஆயிரக்கணக்கான டாலர் எங்கள் தலையில் விழுந்திருக்கும்.

இது ஒரு தனி ஆளின் பேராசை அல்ல. 2018-இல் நேபாள அரசே குழு அமைத்து இதை விசாரித்தது. மலையேற்ற நிறுவனங்கள், ஹெலிகாப்டர் நிறுவனங்கள், மருத்துவமனைகள் ஆகியவற்றில் சில சேர்ந்துகொண்டு, தேவையில்லாதவர்களை எல்லாம் ஏற்றி இறக்கிக் காப்பீட்டுப் பணத்தைப் பங்கு போட்டுக்கொண்டது அதில் தெரியவந்தது. ஒரே ஹெலிகாப்டரில் பலரை ஏற்றிவிட்டு, ஒவ்வொருவர் பெயரிலும் முழுக் கட்டணத்தைக் கேட்டிருக்கிறார்கள். அடக்க விலைக்கும் கீழே பயணத்தை விற்று, விட்ட பணத்தை இப்படிப் பிடிப்பவர்களும் உண்டு. ஆளை அவசரமாக மேலே ஏற்றினால் நோய் வரும், நோய் வந்தால் கமிஷன் வரும் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு பதறுகிறது. உண்மையிலேயே உயிருக்குப் போராடுகிறவருக்கு ஹெலிகாப்டர் வேண்டும்தான். அக்காவுக்கு அன்று வேண்டியிருந்தது கீழே இறங்குவது.

அதைச் சொன்னவர் அந்த விடுதியை நடத்தும் அம்மா. அக்காவின் முகத்தைப் பார்த்தார், கையால் பள்ளத்தாக்கின் கீழ்ப்பக்கம் காட்டினார். "இப்போதே, மனாங். பிஸ்தாரை, பிஸ்தாரை" என்றார். மெதுவாக, மெதுவாக என்று பொருள். வழிகாட்டி வர மறுத்துவிட்டான். இறங்கினால் தனக்குப் பொறுப்பில்லை என்றான். போர்ட்டர் ஒன்றும் பேசாமல் எங்கள் பையிலிருந்து தேவையானதை மட்டும் எடுத்துக் கட்டினார், தலைவிளக்கைப் போட்டுக்கொண்டார், அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். விடுதி அம்மாவின் மகனும் பாதி வழி வரை வந்தான். ஆறு மணிக்கு இருட்டிவிட்டது. மனாங் போய்ச் சேர ஒன்பது ஆனது.

மனாங்கில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் நடத்தும் சிறிய மருத்துவ நிலையம் இருக்கிறது. வசந்தத்திலும் இலையுதிர் பருவத்திலும் தன்னார்வ மருத்துவர்கள் வந்து தங்கி, மாலையில் மலைநோய் பற்றி வகுப்பும் எடுக்கிறார்கள். நாங்கள் திட்டப்படி அங்கே இரண்டு இரவு தங்கியிருந்தால் அந்த வகுப்பில் உட்கார்ந்திருப்போம். அந்த நேரத்திலும் மருத்துவர் கதவைத் திறந்தார். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்க விரலில் கருவியை மாட்டினார், 78 சதவீதம் காட்டியது. குதிகாலும் விரலும் தொட்டுத் தொட்டு நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். தள்ளாடாமல் நடந்தாள். மூளையில் நீர் கோத்திருந்தால் அப்படி நடக்க முடியாதாம். நெஞ்சிலும் சத்தம் இல்லை. ஆக்சிஜனும் மாத்திரையும் கொடுத்தார். கடைசியாக எங்கெங்கே தூங்கினீர்கள் என்று கேட்டார். பேசிசகர், சாமே, மனாங், யாக் கர்க்கா என்று நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மறுநாள் மதியம் அக்கா பசிக்கிறது என்றாள்.

அதே மதியம் வழிகாட்டி இறங்கி வந்தான். ஹெலிகாப்டரை ரத்து செய்ததற்கு 400 டாலர் கேட்டான். தர முடியாது என்றேன். "நீங்களே பாதையை மாற்றிவிட்டீர்கள், ஒப்பந்தம் முடிந்தது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான். ரசீதின் அடியில் அப்படி ஒரு வரி இருந்தது உண்மை: பயணத் திட்டம் வழிகாட்டியின் முடிவுக்கு உட்பட்டது என்று. அதற்குக் கீழே என் கையெழுத்து. போகும்போது அவனுடைய உரிம அட்டையைக் காட்டச் சொன்னேன். காட்டவில்லை. முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய அட்டை அது; புகைப்படத்தோடு இருக்கும், உண்மையான வழிகாட்டி யாரும் அதைக் காட்டத் தயங்குவதில்லை.

மூன்று இரவு மனாங்கில் சொந்தச் செலவில் தங்கினோம். அதற்குப் பிறகு கணவாயைக் கடக்க நாள் போதவில்லை, ஜீப் பிடித்து இறங்கினோம். முக்திநாத் மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. அக்கா அழவில்லை. பொக்காரா போகும் வழி முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து மலையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

காத்மாண்டுவில் பிரிகுடி மண்டபத்தில் சுற்றுலாப் போலீஸ் இருக்கிறது. ரசீது, எழுத்தில் வந்த திட்டம், அனுமதிச் சீட்டுகள், மனாங் மருத்துவரின் குறிப்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனோம். பொறுமையாகக் கேட்டார்கள், நிறுவனத்தை அழைத்தார்கள். சீட்டில் அதிகம் வாங்கிய 6,000 ரூபாயும், நடக்காத நாட்களுக்கு ஒரு பகுதியும் திரும்பி வந்தது. காகிதம் இல்லாதவற்றுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. போர்ட்டருக்கு வாக்களித்த கூலியின் மிச்சத்தை அவர்களிடமிருந்து வாங்க முடியவில்லை. நாங்களே பேசிசகரில் அவர் கையில் கொடுத்துவிட்டு வந்திருந்தோம்.

நீங்கள் போவதாக இருந்தால், நிறுவனத்திடம் என்னென்ன காட்சிகள் தெரியும் என்று கேட்பதற்கு முன், ஒவ்வோர் இரவும் எத்தனை மீட்டரில் தூங்குவோம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அதை மாற்ற உங்கள் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்ற வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். நாளைக் குறைக்கிற எந்த ஜீப்பிலும் ஏறாதீர்கள், இலவசம் என்றாலும். காப்பீட்டில் 5,416 மீட்டரைத் தாண்டும் உயரம் எழுத்தில் இருக்கட்டும், காப்பீட்டு நிறுவனத்தின் அவசர எண்ணை நீங்களே அழையுங்கள், பாலிசி நகலை வழிகாட்டி கையில் கொடுக்காதீர்கள். போர்ட்டரின் காப்பீட்டுத் தாளையும் கேளுங்கள். விலை கொஞ்சம் கூடும். எங்களுக்குச் சொல்லப்பட்ட மற்ற இரண்டு விலைகளும் பத்துப் பன்னிரண்டாயிரம்தான் அதிகம்.

அக்கா அடுத்த அக்டோபருக்கான தாளை எழுதி முடித்துவிட்டாள். ஒவ்வோர் ஊர்ப் பெயருக்கும் எதிரே உயரம். மனாங்குக்கு நேரே மூன்று இரவு என்று சிவப்பு மையில் எழுதி, அந்த ஜீப் ஏறிய ஊரான சாமேயிலிருந்து மேலே முழுவதும் நடை என்று அடிக்கோடு போட்டிருக்கிறாள்.