விலை இறங்கிய எஃகு டிஃபரன்ஷியல் கியர்: வாங்கலாமா?

ரிமோட் கண்ட்ரோல் காரின் பின்பக்க டிஃபரன்ஷியலுக்கான (வளைவில் இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல வழிசெய்யும் கியர் அமைப்பு) எஃகு கியர் தொகுப்பு இந்த வாரம் விலை இறங்கியிருக்கிறது. "நீங்கள்தான் வெகுநாளாக ஓட்டுகிறீர்களே, வாங்கிவிடட்டுமா?" என்று நண்பர் கேட்டிருக்கிறார். வண்டி எல்லோரும் அறிந்த வகைதான்: நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு, நான்கு சக்கர இயக்கம், பிரஷ்லெஸ் மோட்டார், 11.1 வோல்ட் லிப்போ பேட்டரி.

எஃகைக் குறை சொல்ல மாட்டேன். என் வண்டியோடு வந்த கியரின் பற்கள் குதித்து இறங்கும் இடங்களில்தான் உதிர்ந்தன. காற்றில் முழு வேகத்தில் சுழலும் சக்கரம் தரையைத் தொட்டதும் சட்டென்று பிடிபடுகிறது. அந்த அதிர்ச்சி டிரைவ் ஷாஃப்ட் வழியாக நேரே டிஃபரன்ஷியலுக்குள் போய் இறங்குகிறது. பிறகு நான் போட்ட இதே எஃகுக் கியர் அதைத் தாங்கிக்கொள்கிறது. இப்போது திறந்து பார்த்தாலும் பல்முனைகள் மழுங்கவில்லை.

ஆனால் அதைத் தாங்க வைப்பதற்கு என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே! கெட்டியான டப்பா, உள்ளே நுரை, ஒட்டிக்கொள்ள ஸ்டிக்கர் என்று எல்லாம் வைத்தவர்கள், இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய ஷிம் வளையங்கள் இரண்டை மட்டும் வைக்கவில்லை. டிஃபரன்ஷியலின் பெரிய ரிங் கியருக்கும் அதைச் சுழற்றும் சிறிய பினியனுக்கும் இடையே அப்படியொரு ஆட்டம். இவை போன்ற சாய்பல் கியர்கள் சுமை ஏறும்போது ஒன்றையொன்று தள்ளி விலக்கப் பார்க்கும். சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூடும் கொஞ்சம் நெகிழ்ந்து இடம் கொடுக்கும். பிறகு பல்லின் நுனி மட்டுமே நுனியைத் தொடும். அந்த நிலையில் எந்த உலோகமும் சில்லு சில்லாகப் பெயரத்தான் செய்யும். 'எஃகு என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள்' என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும்.

ரிங் கியர் பினியனை நோக்கி நகரும்படி, பேரிங்குக்குப் பக்கத்தில் 0.1 அல்லது 0.2 மில்லிமீட்டர் ஷிம் போட வேண்டும். கூட்டை முடுக்கி, கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் நெறுநெறுத்தால் ஒரு ஷிம்மைக் கழற்ற வேண்டும், கடகடவென்று ஆடினால் ஒன்று சேர்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் எத்தனை ஸ்க்ரூக்கள்! தேநீர் ஆறுவதோடு பொறுமையும் போய்விடும்.

கை வைத்ததோடு வைத்ததாக மோட்டாரின் சுழற்சியை வாங்கிக்கொள்ளும் ஸ்பர் கியரையும் எஃகாக மாற்றலாமா என்பது நண்பரின் அடுத்த கேள்வி. அதைத் தொடவே வேண்டாம். அந்த நைலான் சக்கரம் வீட்டு ஃபியூஸ் மாதிரி. மலிவாகப் போய், விலை உயர்ந்ததைக் காப்பாற்றும். அதிர்ச்சி வந்தால் வழுக்கிக்கொடுக்கும் ஸ்லிப்பர் கிளட்ச்சை இறுக்கிப் பூட்டிவிட்டு ஸ்பர் தேய்கிறது என்று வருந்துவதிலும் பொருளில்லை. மோட்டார் தண்டில் இருந்து ஸ்பரைச் சுழற்றும் சிறிய பினியன் மட்டும் கடினமாக்கிய எஃகாக இருக்கட்டும், அலுமினியம் சீக்கிரம் கூர்மையாகத் தேய்ந்து ஸ்பரையும் தின்றுவிடும். வாங்கும்போது பல்லின் அளவு 32 பிட்ச்சா, 0.8 மாட்யூலா என்று பாருங்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் முன்னது கணக்குப்படி 0.794 மாட்யூல்.

சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டாக்போன் தண்டு வந்து உட்காரும் கிண்ணங்களும் எஃகாக இருந்தால் நல்லது. அலுமினியக் கிண்ணத்தில் அந்தத் தண்டின் முனையிலுள்ள ஊசி பள்ளம் பறித்துவிடும். மணலில் ஓட்டுகிறவர்கள் வெளியே தெரியும் மூட்டுகளில் கிரீஸை அப்ப வேண்டாம். மணலும் கிரீஸும் சேர்ந்தால் சாணை பிடிக்கும் பசைதான். பேரிங்குகள் ரப்பர் மூடி உள்ளவையாக இருக்கட்டும்.

சரி, வாங்கலாமா? இவ்வளவு புகழ்ந்த பிறகும் என் பதில்: வேண்டாம். விலையைக் குறைத்தார்களே தவிர, டப்பாவுக்குள் இன்னும் அந்த ஷிம் இல்லை. விற்பனைப் பக்கத்தில் பார்த்துவிட்டேன். ஒரு ஷிம் பாக்கெட்டை வாங்கி, இப்போதிருக்கும் கியருக்கே போட்டுப் பாருங்கள். அதுவும் உடைந்தால் இந்தத் தொகுப்பைப் பற்றி மறுபடி கேளுங்கள். அதற்குள் என் எரிச்சல் தணிந்திருந்தால் வேறு பதில் சொல்லக்கூடும்.