60 ஆம்ப்ஸ் என்று சொல்லி விற்ற பிளாஸ்மா கட்டர்: வாங்கும் முன் பிளக்கைப் பாருங்கள்

60 ஆம்ப்ஸ் என்று நம்பி ரூ.34,500 கொடுத்து வாங்கிய பிளாஸ்மா கட்டர் (மின்சாரத்தையும் கம்ப்ரசர் காற்றையும் வைத்து இரும்புத் தகட்டை உருக்கி வெட்டும் மெஷின்) 38 ஆம்ப்ஸுக்கு மேல் போகவே இல்லை. அதைவிடப் பயங்கரம், மெஷினின் உடம்புக்கு எர்த் கொடுக்காமலே விற்றிருக்கிறார்கள். வீட்டுப் பட்டறைக்கு இதே மாதிரி மெஷின் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

எனக்குக் கோயம்புத்தூர். வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட் போட்டுச் சின்னதாக ஒரு பட்டறை. வேலை முடிந்து வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமையிலும் தெரிந்தவர்களுக்கு கேட், ஷெட், படிக்கட்டுக் கைப்பிடி செய்து கொடுப்பேன். ஷெட் தூணுக்கு அடியில் வைக்கும் 10 எம்.எம். பேஸ் பிளேட்டை ஒவ்வொரு முறையும் வெளியே கொண்டுபோய் கேஸ் கட்டிங் செய்து வாங்குவதுதான் தலைவலியாக இருந்தது. கட்டிங் வீல் போட்டு வெட்டினால் ஒரு பிளேட்டுக்கே மூச்சு வாங்கிவிடும். அதற்காகத்தான் ஒரு வருடம் காசு சேர்த்து இதை வாங்கினேன்.

கடையில் இருந்த பையன் நன்றாகத்தான் பேசினான். "அண்ணா, 60 ஆம்ப்ஸ்ங்க. 12 எம்.எம். வரைக்கும் வாழைத்தண்டு நறுக்குற மாதிரி போகுமுங்க. வீட்டு சிங்கிள் ஃபேஸே போதும்" என்றான். அங்கேயே வெட்டியும் காட்டினார்கள். நான் கவனிக்கத் தவறியது, அவர்கள் எடுத்துப் போட்டது 3 எம்.எம். தகடு என்பதை. 3 எம்.எம்.மை எந்த மெஷினும் வெட்டும்.

வீட்டுக்கு வந்து 10 எம்.எம். பிளேட்டை வைத்தேன். தகடு ஊடுருவி வெட்டுப்பட்டால் பொறி எல்லாம் கீழ்ப்பக்கமாகத்தான் கொட்ட வேண்டும். எனக்கு அது மேலே திரும்பி கையுறை மேலேயே அடித்தது. ஊர்வது போல் மெதுவாக நகர்த்தினால் மட்டும் இறங்கியது. அப்படி இறங்கிய இடத்தில் வெட்டு விரல் அகலத்துக்கு விரிந்து, அடியில் கசடு மெழுகுவர்த்தி உருகி வழிந்தது போல் தொங்கியது. சுத்தியலால் தட்டினாலும் விழவில்லை.

போன் செய்தேன். "கம்ப்ரசர் பத்தாதுங்க" என்றார்கள். வாங்கும்போது என் கம்ப்ரசரின் போட்டோவைப் பார்த்து "தாராளமாப் போதும்" என்று சொன்னவர்களும் அவர்கள்தான். சரி என்று பஞ்சர் கடை நண்பரின் பெரிய கம்ப்ரசரை இரண்டு நாள் வாங்கி வந்து போட்டேன். வெட்டும்போதே 5 பார் அழுத்தம் குறையாமல் நின்றது. வெட்டு மாறவில்லை. அடுத்து "காத்துல தண்ணி வருதுங்க, ஃபில்டர் போடுங்க" என்றார்கள். காற்றில் ஈரம் இருந்தால் வெட்டும் முனையில் மாட்டும் நாசிலும் எலக்ட்ரோடும் சீக்கிரம் போய்விடும் என்பது உண்மைதான், அதனால் அதையும் நம்பி ஃபில்டர் வாங்கினேன். அப்புறம் "நாசில் மாத்துங்க" என்று பத்து செட் விற்றார்கள். எலக்ட்ரோடு முனையின் நடுவில் ஹாஃப்னியம் என்ற உலோகம் புள்ளியாகப் பதிந்திருக்கும், ஆர்க்கை, அதாவது தகட்டை வெட்டும் மின்பொறியை, தாங்குவது அதுதான். இந்தப் பத்தில் பாதி, நாலைந்து வெட்டுக்கே அந்தப் புள்ளி குழிந்து செம்பு உருகிப் போய்விட்டன. இப்படியே இன்னும் ரூ.6,000 போயிற்று.

கடைசியில் எங்கள் தெருவில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கும் அண்ணன் வந்து பார்த்தார். மெஷினை ஆன் செய்யக்கூட இல்லை. பிளக்கைக் கையில் எடுத்து, "தம்பி, இது 16 ஆம்ப்ஸ் பிளக். இதுல எப்படிப்பா 60 வரும்?" என்று கேட்டார். ஒரு பின்னின் அடி ஏற்கெனவே பழுப்பேறிப் போயிருந்தது.

கணக்கு இதுதான். 60 ஆம்ப்ஸில் வெட்டும்போது பிளாஸ்மா ஆர்க்குக்குச் சுமார் 104 வோல்ட் வேண்டும். இரண்டையும் பெருக்கினால் 6,240 வாட். மெஷினுக்குள் வீணாகும் மின்சாரத்தையும் சேர்த்தால் 7,000-ஐத் தாண்டும். 230 வோல்ட்டில் 16 ஆம்ப்ஸ் பிளக் கொடுக்கக்கூடியது 3,680 வாட்தான். இந்தப் பெருக்கலைக் கடையில் நின்றபடியே போனில் போட்டுப் பார்த்திருக்கலாம்.

சந்தேகம் தீர, அவர் டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டரை, தகட்டில் கவ்வ வைக்கும் எர்த் கேபிளைச் சுற்றி மாட்டினார் (சாதாரண கிளாம்ப் மீட்டர் ஏ.சி.யை மட்டும்தான் காட்டும், இதற்கு உதவாது). நான் 6 எம்.எம். தகட்டை வெட்டினேன். நாபை 40-இல் வைத்தபோது மீட்டரில் 37. 60-க்குத் திருப்பினேன். மெஷினின் டிஸ்ப்ளேயில் சிவப்பாக 60 என்று வந்தது, மீட்டரில் 38. நாபைத் திருப்பினால் எண் மட்டும் ஏறுகிறது, கரண்ட் ஏறவில்லை. அதோடு வந்த டார்ச்சும் (வெட்டும்போது கையில் பிடிக்கும் பகுதி) பி.டி.-31 மாடல், அது பெரும்பாலும் 40 ஆம்ப்ஸ் மெஷின்களோடு வருவது. ஆக, 40 ஆம்ப்ஸ் மெஷினுக்கு 60 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள்.

இதோடு விட்டிருந்தால் காசு போயிற்று என்று இருந்திருப்பேன். அண்ணனுக்கு மெஷினின் உடம்பிலும் சந்தேகம். பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் விட்டு, கெப்பாசிட்டரில் மின்சாரம் மிச்சமில்லை என்று மீட்டரில் பார்த்த பிறகு மூடியைக் கழற்றினார். (தெரியாதவர்கள் தயவுசெய்து திறக்காதீர்கள்.) பிளக்கிலிருந்து உள்ளே வந்த பச்சை எர்த் ஒயர் எங்கேயும் மாட்டப்படவில்லை. ஒட்ட நறுக்கி, நுனியில் கறுப்பு டேப் சுற்றி ஓரமாகச் செருகியிருந்தார்கள். வெல்டிங் மெஷின் ஆன் செய்து சும்மா நிற்கும்போது 60, 70 வோல்ட் இருக்கும், பிளாஸ்மாவில் அது 200-க்கு மேல். உள்ளே எங்காவது ஒரு ஒயர் உரசி உடம்பைத் தொட்டிருந்தால், வியர்த்த கையோடு அதைத் தொட்டுக்கொண்டிருந்தது நான். பள்ளிக்கூடம் விட்டு வந்து பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பது என் மகன். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மெஷினைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். முதலாளி பார்த்ததும் சொன்னது, "மூடியில சீல் ஸ்டிக்கர் கிழிஞ்சிருக்குதுங்களே, வாரண்டி கிடையாதுங்க." மீட்டர் வீடியோவைக் காட்டினேன், எர்த் ஒயரைக் காட்டினேன். "கம்பெனியில இருந்து அப்படித்தான் வருதுங்க" என்று முடித்துக்கொண்டார். பில்லை எடுத்துப் பார்த்தால் அது பில்லே இல்லை. ஜி.எஸ்.டி. போட்டால் 18% கூடும் என்று சொல்லி எஸ்டிமேட் சீட்டுதான் கொடுத்திருந்தார்கள். அதில் "வெல்டிங் மெஷின் - 1" என்று மட்டும் இருக்கிறது. மாடலும் இல்லை, ஆம்ப்ஸும் இல்லை. அந்த 18 சதவீதத்தை மிச்சம் பிடித்தது என் தப்பு.

நீங்கள் வாங்கப் போனால், வெட்ட நினைக்கும் தகட்டிலேயே ஒரு துண்டைக் கையோடு எடுத்துப் போங்கள். 10 எம்.எம். வேண்டுமென்றால் 10 எம்.எம்.மையே வெட்டிக் காட்டச் சொல்லுங்கள், வெட்டியதும் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். எத்தனை எம்.எம். சுத்தமாக வெட்டும், எத்தனை எம்.எம். எப்படியோ துண்டாகும் என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள், விளம்பரத்தில் பெரும்பாலும் போடுவது இரண்டாவதைத்தான். டூட்டி சைக்கிள் 60% என்றால் 10 நிமிடத்தில் 6 நிமிடம் வெட்டி 4 நிமிடம் ஓய்வு கொடுக்க வேண்டும். அது 40 டிகிரி வெயிலில் அளந்ததா என்றும் கேளுங்கள். பிளக்கின் எர்த் பின்னுக்கும் மெஷினின் உடம்பில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டுக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்து எர்த் தொடர்பைப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பாருங்கள். பில்லில் மாடலும் ஆம்ப்ஸும் எழுதி வாங்குங்கள்.

என்னிடம் மிஞ்சியது ஒரு வாட்ஸ்அப் செய்தி. வாங்குவதற்கு முந்தின நாள் கடை நம்பரிலிருந்து "60 ஆம்ப்ஸ், 12 எம்.எம். கிளீன் கட்" என்று அனுப்பியிருந்தார்கள். பணம் அனுப்பிய யு.பி.ஐ. ரசீதும் இருக்கிறது. இரண்டையும் வைத்துத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். கடையிலிருந்து பதில் வரவில்லை. எர்த்தை அண்ணன் ஒழுங்காக மாட்டிக் கொடுத்துவிட்டார், ஆனாலும் புகார் முடியும் வரை மெஷினைத் தொடப் போவதில்லை. பேஸ் பிளேட்டுகள் பழையபடி கேஸ் கட்டிங்குக்கே போகின்றன.