ஸ்லாஷ் கமாண்டுக்குப் பதில் சொல்ல: கிளவுட்ஃப்ளேர் ஒர்க்கர்ஸா, ஏடபிள்யூஎஸ் லாம்டாவா?

ஸ்லாக் என்ற அலுவலக அரட்டைச் செயலியில் யாராவது ஸ்லாஷ் கமாண்ட் (/ என்று தொடங்கும் கட்டளை) அடித்தால் நம் முகவரிக்கு ஒரு போஸ்ட் ரிக்வெஸ்ட் வரும். 3 விநாடிக்குள் பதில் போக வேண்டும். அதற்கு முன், ரிக்வெஸ்ட் ஸ்லாக்கிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் சிக்னேச்சரைச் சரிபார்க்க வேண்டும். சர்வரை நாமே பராமரிக்காமல் கோடை மட்டும் ஏற்றி ஓட்ட உதவும் சேவைகளான ஒர்க்கர்ஸ், லாம்டா இரண்டின் குணமும் இந்தச் சின்ன வேலையிலேயே தெரிந்துவிடும்.

டைம்ஸ்டாம்ப்பையும் (அனுப்பிய நேரம்) பாடியையும் (ரிக்வெஸ்ட்டின் உள்ளடக்கம்) சேர்த்து, ரகசியச் சாவியைக் கொண்டு எச்மேக் எஸ்எச்ஏ-256 என்ற ஹேஷ் போடுவதுதான் சிக்னேச்சர். பாடி வந்தபடியே வேண்டும். ஒரு பைட் மாறினாலும் பொருந்தாது.

ஒர்க்கர்ஸில் பாடி ஒரு ஸ்ட்ரீம். ஒரு முறைதான் படிக்கலாம். முதலில் ஃபார்ம்டேட்டாவாகப் படித்துவிட்டு, பிறகு டெக்ஸ்ட் கேட்டால் எரர்தான். முதலிலேயே டெக்ஸ்டாக எடுத்து வேரியபிளில் வையுங்கள். சிக்னேச்சர் சரியென்றால் அதையே பிரித்தெடுக்க யூஆர்எல்செர்ச்பராம்ஸிடம் கொடுங்கள். குளோன் செய்தும் படிக்கலாம். ஆனால் பெரிய பாடி மெமரியில் தேங்கும், இருப்பதோ 128 எம்பி.

லாம்டாவில் மொத்த ரிக்வெஸ்ட்டும் ஒரே ஈவன்ட் ஆப்ஜெக்டாக வந்துவிடும். வசதிதான். ஆனால் ஃபங்ஷன் யூஆர்எல், எச்டிடிபி ஏபிஐ (லாம்டாவை வெளியிலிருந்து அழைக்கும் இரு வழிகள்) வழியாக வரும் ஃபார்ம் பாடி, பைட்களை எழுத்துகளாக்கும் பேஸ்64 ஆக மாறியிருக்கும். ஜேசன் அனுப்பிச் சோதித்தால் எல்லாம் சரியாக ஓடும். நிஜ கமாண்ட் ஃபார்மாக வந்ததும் சிக்னேச்சர் உதைக்கும். ஈவன்ட்டில் உள்ள 'இஸ்பேஸ்64என்கோடட்' ட்ரூவா என்று பார்த்து, டிகோட் செய்த பிறகே எச்மேக் போடுங்கள்.

பதில் அனுப்பிய பிறகும் வேலை மிச்சமிருந்தால்? ஒர்க்கர்ஸில் அந்த வேலையின் பிராமிஸை (பின்னால் முடியும் வேலையைக் குறிக்கும் ஆப்ஜெக்ட்) வெயிட்அன்டில் என்ற ஃபங்ஷனிடம் கொடுத்தால் 30 விநாடி வரை ஓடும். லாம்டாவில் ஹேண்ட்லர் ரிட்டர்ன் ஆனதும் சூழலே உறைந்துவிடும். மிச்ச வேலை அடுத்த ரிக்வெஸ்ட்டில் தொடரலாம், தொடராமலும் போகலாம். ஏடபிள்யூஎஸ்ஸின் வரிசைச் சேவையான எஸ்கியூஎஸ்ஸில் போட்டு வேறொரு லாம்டாவுக்குத் தள்ளுவதே முறை. கூடுதல் வேலைதான். ஆனால் தோற்றால் எஸ்கியூஎஸ் மறுபடி அனுப்பும், வெயிட்அன்டில் அனுப்பாது. பணம் சம்பந்தப்பட்ட எதையும் வெயிட்அன்டிலை நம்பி விடாதீர்கள். ஒர்க்கர்ஸிலும் இதே போல கியூஸ் என்ற வரிசைச் சேவை இருக்கிறது.

ஒர்க்கர்ஸுக்கு வருபவர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது குளோபல் வேரியபிள். வழக்கமான லாம்டா சூழல் ஒரு நேரத்தில் ஒரு ரிக்வெஸ்ட்டைத்தான் கையாளும். ஒர்க்கர்ஸின் ஐசொலேட்டில் (கோட் ஓடும் தனித்த சூழல்) பல ரிக்வெஸ்ட்கள் ஒன்றாக ஓடும். மாட்யூல் மட்டத்தில் யூசர் ஐடி வைத்தால், ஒரு ரிக்வெஸ்ட் அவெய்ட்டில் (பதிலுக்குக் காத்து) நிற்கும்போது இன்னொன்று அதை மாற்றிவிடும். ஒருவர் தகவல் இன்னொருவருக்குப் போகும்.

இந்த வேலைக்கு என் தேர்வு ஒர்க்கர்ஸ். 3 விநாடிக் கெடுவில் லாம்டாவின் கோல்ட் ஸ்டார்ட் (புதுச் சூழலைத் தொடங்க ஆகும் நேரம்) கணிசமாகத் தின்றுவிடக்கூடும். இலவசத் திட்டத்தில் ரிக்வெஸ்ட்டுக்கு 10 மில்லிவிநாடி சிபியுதான் என்றாலும், ஃபெட்சுக்கு (வெளிச் சேவையின் பதிலுக்கு) காத்திருக்கும் நேரம் அதில் சேராது. படத்தைச் சுருக்குவது போன்ற கனமான வேலைக்கு 15 நிமிடமும் 10,240 எம்பி மெமரியும் வரை தரும் லாம்டாவே சரி. ஆனால் படத்தை நேராக அதற்கு அனுப்பாதீர்கள்: ரிக்வெஸ்ட்டுக்கான 6 எம்பி வரம்பில், பேஸ்64 ஆல் கூடும் அளவு போக 4.5 எம்பிதான் தேறும். ஏடபிள்யூஎஸ்ஸின் கோப்புச் சேமிப்பான எஸ்3யில் ஏற்றிவிட்டு அதன் கீயை (கோப்பின் பெயர்) மட்டும் அனுப்புங்கள்.