வெயிலூரில் பதினோரு வருடம்: ஒரு பென்டாக்ஸ் கே1000

2014-ல் சென்னையில் ஒரு பழைய கேமராக் கடையில் 3,500 ரூபாய் கொடுத்து இந்தப் பென்டாக்ஸ் கே1000 பிலிம் கேமராவை வாங்கினேன். எங்கள் வேலூருக்குப் பக்கத்துக் காட்பாடி வந்து இறங்கும்வரை ரயிலில் உட்கார்ந்து ஷட்டரைத் தட்டிக்கொண்டே வந்தேன். எதிர் சீட்டுப் பாட்டி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஏம்பா, அதுல படம் வருமா, இல்ல சத்தம் மட்டுந்தானா?” என்று கேட்டார். உள்ளே பிலிமே இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சிரித்து மழுப்பிவிட்டேன்.

அதற்கப்புறம் இதில் ஏறக்குறைய நூற்றிமுப்பது ரோல் ஓடிவிட்டது. மாதம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதிவிடுகிறேன்.

1976-ல் வந்த மாடல். 1997 வரை தயாரிப்பில் இருந்தது. முதலில் ஜப்பான், பிறகு ஹாங்காங், கடைசியில் சீனா. என்னுடையது நெற்றியில் அசாஹி முத்திரை பொறித்த பழைய உருப்படி, முழுக்க உலோகம். லென்ஸோடு சேர்த்தால் முக்கால் கிலோவுக்கு மேல். ஷட்டர் ஒரு நொடியிலிருந்து ஆயிரத்தில் ஒரு நொடி வரை. ஆட்டோ ஃபோகஸ் கிடையாது, டைமர் கிடையாது, வெளிச்சத்தை அளக்கும் மீட்டரை அணைக்க ஒரு சுவிட்ச்கூடக் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டால்தான் மீட்டர் தூங்கும். மூடி போட மறந்தால் பேட்டரி தீரும். தீர்ந்தாலும் குடி முழுகாது. ஷட்டர் முழுக்க ஸ்பிரிங்கில் ஓடுவதால் மீட்டர் முள் மட்டும் சாகும், படம் எடுக்கலாம். எல்ஆர்44 பட்டன் பேட்டரி லாங் பஜாரில் எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கிறது.

இனி அந்த முள்ளைப் பற்றி. கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடியில் தெரியும், நடுவில் நின்றால் வெளிச்சம் சரி என்று அர்த்தம். வாங்குகிறவர்களிடம் யாரும் சொல்லாத விஷயம் இதுதான்: வேலூரில் அந்த முள்ளை அப்படியே நம்பினால் பாதி ரோல் வீண். காரணம் கேமரா இல்லை, ஊர். எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு. கோயிலுக்கு 1981-ல் சாமி திரும்பி வந்துவிட்டார். ஆறு மட்டும் பெரும்பாலும் மணல்தான். பாலாற்று மணலில் பத்து மணி வெயிலுக்கு ஒரு ஆளை நிறுத்திப் படம் எடுத்துப் பாருங்கள். மீட்டர் தான் பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக்கொள்ளும். வெளுத்த மணலைப் பார்த்ததும் ‘ஐயோ, வெளிச்சம் அதிகம்’ என்று முள் மேலே எகிறும். நீங்களும் அதற்குப் பணிந்து அப்பெர்ச்சரை, அதாவது லென்ஸின் துவாரத்தை, சுருக்குவீர்கள். பிரிண்டில் மணல் சிமென்ட் நிறத்தில் இருக்கும், ஆளின் முகம் கரிச்சட்டியாக இருக்கும். அங்கே முள் சொல்வதைவிட ஒரு ஸ்டாப் (இரண்டு மடங்கு வெளிச்சம்), சில நேரம் ஒன்றரை ஸ்டாப் திறந்துவிட வேண்டும். கோட்டையில் இதே கதை தலைகீழ். கருங்கல் மதிலை மட்டும் நிரப்பி எடுத்தால் கல் வெளிறி, காரை பூசியதுபோல வந்து நிற்கும்.

நான் இப்போது செய்வது இவ்வளவுதான். வெட்டவெளி வெயிலில் முள்ளைப் பார்ப்பதே இல்லை. வேகம் 200 என்று போட்ட பிலிம் என்றால் அப்பெர்ச்சர் எஃப்16, ஷட்டர் 250-ல் ஒரு நொடி. பழைய ‘சன்னி 16’ கணக்கு: நல்ல வெயிலில் எஃப்16, ஷட்டர் எண் பிலிம் வேகத்துக்குப் பக்கத்தில். நிழலுக்குள் போனால் மட்டும் முள். அதுவும் எடுக்கப்போகும் தூணுக்கோ முகத்துக்கோ பக்கத்தில் போய், அதை மட்டும் கண்ணாடியில் நிரப்பி, முள்ளை நடுவில் நிறுத்திவிட்டு, பின்னால் வந்து எடுப்பேன். மண்டபத்து இருட்டில் நின்று வெளி வெளிச்சத்தையும் சேர்த்து அளந்தால் தூணெல்லாம் கறுப்புக் குச்சிதான்.

இது எனக்குத் தானாகத் தெரியவில்லை. நாங்கள் ஐந்து பேர். மாதத்தின் முதல் ஞாயிறு காலை கோட்டைக்கு எதிரே ஒரு டீக்கடையில் கூடுவோம். ஒரே ஒரு சட்டம்: போனில் காட்டக் கூடாது. மேக்ஸி சைஸ் பிரிண்ட் கொண்டுவர வேண்டும், பின்பக்கம் பென்சிலில் அப்பெர்ச்சரும் ஷட்டரும் எழுதியிருக்க வேண்டும். எழுதாதவர் டீக்குக் காசு கொடுக்க வேண்டும். எங்களில் மூத்தவர் முப்பது வருடம் ஸ்டுடியோ வைத்திருந்தவர், எல்லாருக்கும் அவர் அண்ணன். உதகையில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஓடிக்கொண்டிருந்த காலத்து ‘இந்து’ பிலிமில் கல்யாணம் எடுத்த கை. அவர் பிரிண்டைத் தொடவே மாட்டார். “நெகட்டிவ் எங்கப்பா?” என்பார். ஆகாயத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, “மெலிசா இருக்கு. மணலை அளந்திருக்க, ஆளை அளக்கல” என்றார் முதல் நாளே. பிரிண்ட் போடுகிற மெஷின் நம் தப்பை மறைத்துவிடும், நெகட்டிவ் மறைக்காது என்பது அவர் கட்சி. ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் சரி செய்துகொள்ளலாம் என்பது எங்களில் இளையவனின் கட்சி. இந்தச் சண்டை பதினோரு வருடமாக ஓடுகிறது. நான் இளையவன் பக்கம்தான், ஆனால் அண்ணன் எதிரில் சொல்லமாட்டேன்.

சரி, என் பெரிய தவறு. 2016, வைகாசி 1, குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. விடியற்காலையிலேயே போய் இடம் பிடித்தேன். அம்மனின் சிரசு (தலை) ஊர்வலமாக வரும் வழியெல்லாம் தேங்காய் உடைகிறது, மாலைக்கு மேல் மாலை, தோளில் தோள் இடிக்கும் கூட்டம். ஒரு மாடியில் ஏறி நின்று எடுத்துத் தள்ளினேன். ஒரு ரோலுக்கு 36 படம். கேமராவின் எண் காட்டி 36 தாண்டியது, 37, 38, 39. ஆஹா, இன்று ரோல் தாராளம் என்று நினைத்தேன் பாருங்கள், அந்த முட்டாள்தனத்தை என்ன சொல்ல. 40-ல் சந்தேகம் வந்தது. ரீவைண்டு குமிழைச் சுற்றினால் எந்தப் பிடிப்பும் இல்லாமல் சுழன்றது. பிலிம் நாக்கு ஸ்பூலில் மாட்டவே இல்லை. ரோல் தன் டப்பாவுக்குள் கன்னி கழியாமல் உட்கார்ந்திருக்கிறது, நான் நாற்பது தடவை காற்றைப் படம் எடுத்திருக்கிறேன். இந்தக் கேமராவின் எண் காட்டி பிலிமை நகர்த்தும் லீவரை இழுப்பதைத்தான் எண்ணும், பிலிமை எண்ணாது.

புதிதாக வாங்குபவர் இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள். பிலிம் மாட்டி மூடியதும் ரீவைண்டு குமிழை மெதுவாகச் சுற்றித் தொய்வை எடுங்கள். பிறகு லீவரை இழுக்கும்போது அந்தக் குமிழ் தானாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பினால் பிலிம் ஓடுகிறது. திரும்பாவிட்டால் மூடியைத் திறந்து மறுபடியும் மாட்டுங்கள்.

அடுத்தது பிலிம் கழுவுவது. ஆரம்பத்தில் கலர் ரோல்களை ஒரு கலர் லேபில் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு முறை ஆறு ஆறாக வெட்டச் சொன்னதற்கு ஒரு படத்தின் நடுவிலேயே கத்தரி போட்டுக் கொடுத்தார்கள். கேட்டதற்கு, “இப்ப யாரு சார் நெகட்டிவ் கேக்கறாங்க?” என்றார் கவுண்ட்டரில் இருந்தவர். அன்றிலிருந்து கறுப்பு வெள்ளைக்கு மாறி, வீட்டுக் குளியலறையிலேயே கழுவுகிறேன். கலர் எடுத்தால் சென்னைக்குக் கூரியர்.

கறுப்பு வெள்ளை கழுவ 20 டிகிரி என்று எல்லா அட்டவணையும் சொல்லும். வேலூரில் மே மாதம் குழாயைத் திறந்தால் வருவது வெந்நீர். இரவு பதினோரு மணிக்குக்கூட மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் 33, 34 காட்டும். ஒரு அகலமான அண்டாவில் ஐஸ் போட்டு, படத்தை வரவைக்கும் டெவலப்பர் பாட்டில், அதை நிலைநிறுத்தும் ஹைப்போ பாட்டில், கழுவும் தண்ணீர் மூன்றையும் ஒன்றாக உட்கார வைப்பேன். 20-க்கு இறக்கினால் கையில் பிடிக்கும் நேரத்திலேயே ஏறிவிடுகிறது. அதனால் 24-ல் நிறுத்திக்கொள்கிறேன். ஹெச்பி5 என்ற கறுப்பு வெள்ளைப் பிலிமுக்கு டி-76 டெவலப்பரைச் சரிபாதித் தண்ணீர் கலந்து 20 டிகிரியில் 11 நிமிடம். 24-ல் எனக்கு எட்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. மூன்று பாட்டிலும் ஒரே சூட்டில் இருப்பது முக்கியம். டெவலப்பர் 24-ல் இருக்க, கழுவும் தண்ணீரைக் குழாயிலிருந்து நேராக விட்ட முதல் ரோலில் பிலிமின் ஜெலட்டின் பூச்சு சுருக்கம் விழுந்து, படம் முழுக்க வறண்ட ஏரிப் படுகைபோல வெடிப்பு வெடிப்பாக வந்தது. ஒரு வகையில் பொருத்தமான படம், பாலாற்றைத்தான் எடுத்திருந்தேன்.

எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம். காய்ந்ததும் நெகட்டிவில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீர், அதில் ஒரே ஒரு சொட்டு ஷாம்பு. பிறகு குளியலறைக்குள்ளேயே கதவைச் சாத்திக் கிளிப்பில் தொங்கவிட வேண்டும். வெளியே காயப்போட்டால் கத்திரிக் காற்றில் தூசி ஒட்டிக்கொள்ளும். அந்த மூன்று மணி நேரம் வீட்டில் யாரும் குளிக்கக் கூடாது என்பதில் என் வீட்டுக்காரம்மாவுக்குத் தனிக் கருத்து இருக்கிறது.

பராமரிப்பு என்று பெரிதாக இல்லை. பின் மூடியில் வெளிச்சம் கசியாமல் இருக்க வைத்த பஞ்சு மூன்றாம் வருடமே தார்போல இளகிவிட்டது. அவ்வளவு பழைய எந்தக் கேமராவிலும் அது இளகும். குச்சியில் சுரண்டி எடுத்துவிட்டுக் கறுப்பு உல்லன் நூலை அந்தப் பள்ளத்தில் வைத்து ஒட்டினேன், இன்றுவரை கசிவு இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில்தான் குடியிருப்பு. அரிசி டப்பாவில் வைக்கச் சொல்வார்கள், வைக்காதீர்கள், மாவுத் தூசி உள்ளே போகும். 2021 நவம்பரில் பாலாறு இரண்டு கரையும் தொட்டு ஓடியபோது சாரலில் நின்று ஒரு ரோல் எடுத்தேன். அன்று வயிற்றைக் கலக்கியதுதான் மிச்சம், கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மே மாதம் வண்டி டிக்கியில் ஒரு மதியம் வைத்துவிட்டேன், அதில் இருந்த கலர் ரோல்தான் வெளிறிப்போனது.

இப்போது இருக்கும் ஒரே நோய், ஷட்டரை ஆயிரத்தில் வைத்தால் படத்தின் ஒரு ஓரம் இருட்டுகிறது. வயதான எண்ணெய், ஷட்டர் திரைகளின் வேகம் ஒத்துப்போகவில்லை. சென்னையில் ஒரு ரிப்பேர் பாய் பார்த்துவிட்டு, “ஐநூறுக்கு மேல போகாதீங்க, இன்னும் பத்து வருஷம் ஓடும். கழட்டினா என் கைல இல்ல” என்றார். கழற்றவில்லை.

வாங்கலாமா? கேமராவின் விலை பிரச்சினையே இல்லை. ஒரு கலர் ரோலின் இன்றைய விலைக்கு ஆம்பூர் பிரியாணி நாலைந்து பிளேட் வரும், கழுவக் காசு தனி. அதை மாதாமாதம் கொடுக்க மனம் இருந்தால் வாங்குங்கள். ஓடும் பிள்ளைகளை எடுக்கத்தான் வேண்டும் என்றால் வேண்டாம், ஃபோகஸ் வளையத்தைத் திருப்புவதற்குள் பிள்ளை பக்கத்துத் தெருவில் இருக்கும். வாங்கும்போது லென்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் பூஞ்சை பாருங்கள், ஒரு நொடியில் ஷட்டர் வைத்துத் தட்டி ஒட்டாமல் மூடுகிறதா என்று கேளுங்கள், மீட்டர் முள் அசைகிறதா பாருங்கள். முள் அசையாவிட்டால் விலையைக் குறைத்து வாங்கலாம். எப்படியும் வெயிலில் அது தேவைப்படப் போவதில்லை.

உள்ளே இருக்கும் ரோலில் இப்போது எண் 22. மீதி பதினாலு, வருகிற வைகாசி ஒன்றுக்குக் குடியாத்தத்தில். குமிழ் திரும்புகிறது, இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.